முன், பின், ஆதாரம்

என் மாமாவிடம் நூற்று நாற்பத்தாறு சவரக்கத்திகள் இருக்கின்றன. முகத்தில் ஏழு வாரத் தாடியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் முதல் வாரம் வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறார், இருபத்தாறு வருடமாக. முன்னறையில் ஆள்கள் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படித்துத் தோற்பார்கள். தோற்ற கணக்கு ஒரு சீட்டில் பின்னறைக்கு வரும். மாமா சக்கரத்தை ஓடவிட்டுத் தேய்த்துக் கொடுப்பார். வாடிக்கையாளர் முகத்தையே பார்க்காமல் ஊரில் பாதிப் பேருக்குக் கண் கொடுத்த மனிதர். நாங்கள் முதல் மாடி, அவர் மூன்றாம் மாடி. நடுவில் ஐம்பத்திரண்டு படி. எண்ணியது நான்தான். வேறு எதையும் ஒழுங்காக எண்ணிப் படித்ததில்லை என்பது என் பள்ளிக்கூடத்தின் கருத்து. நானும் பள்ளிக்கூடமும் பத்தாம் வகுப்பில் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்துவிட்டோம்.

சவரக்கத்தி என்றால் மடக்கி விரிக்கிற பழைய கத்தி. அதில் ஒன்றால்கூட மாமா சவரம் செய்ததில்லை. பத்து சேர்த்து உறையில் விற்கிற மஞ்சள் பிளாஸ்டிக் ரேசர்தான் அவருக்கு. கேட்டால், "சிலை செய்யறவன் சிலையைக் கட்டிக்கிட்டா தூங்கறான்?" என்பார். அதற்கு அத்தை, "அப்படித் தூங்கினாலாவது அது எந்திரிச்சுத் துணி துவைக்குதான்னு பாக்கலாம்" என்பாள்.

அவருக்குப் பிடித்தது கத்திகூட இல்லை, அதன் வயதைக் கண்டுபிடிப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போவார். ஊரின் அந்தக் கோடி. பஸ்ஸில் ஐம்பத்தைந்து நிமிடம். துருப்பிடித்த ஒன்றை வாங்கி வந்து, மேசை விளக்கைத் தாழ்த்தி, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஆள் செத்தாரா இருக்கிறாரா என்று மூச்சை வைத்துத்தான் சொல்ல முடியும். (இந்த வாக்கியத்தை அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வோம்.)

கத்தியின் பின்பக்கம் வால் போல நீண்டிருந்தால் அது ஆயிரத்து எண்ணூறு வாக்கிலோ அதற்குப் பிறகோ செய்தது. வால் இல்லையென்றால் அதற்கும் முந்தையது. அலகு கோடாலி மாதிரி தடிமனாக இருந்தால் பழசு. இரண்டு பக்கமும் குழிவாகத் தேய்த்திருந்தால் பிந்தியது. கழுத்தில் ராஜாவின் முதலெழுத்து இருந்தால் அந்த ராஜா சிம்மாசனத்தில் இருந்த வருடங்கள். செய்த நாட்டின் பெயர் அடித்திருந்தால் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு வாக்குக்குப் பிறகு இருக்கவே வாய்ப்பு அதிகம். வாங்குகிற பெரிய நாடு ஒன்று அப்படிச் சட்டம் போட்டதாம். என்னை அவர் கூப்பிடுவதே 'வாலு' என்றுதான். "வால் இருக்கிறதால இது ரொம்பப் பழைய சரக்கு இல்ல" என்று என்னைச் சொந்தக்காரர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார்.

ஒரு கத்திக்கும் அவர் ஒற்றை வருடம் சொல்ல மாட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. அட்டையில் மூன்று வரி. 'முன்' என்றால் இதற்கு முன்னால் இருக்க முடியாது. 'பின்' என்றால் இதற்குப் பின்னால் இருக்க முடியாது. மூன்றாவது வரி 'ஆதாரம்'. வால், முத்திரை, பிடி என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் விற்பவன் வாய்வார்த்தை மட்டும் இருந்தால் 'சொ.கே.' என்று எழுதுவார். சொல்லக் கேட்டது. அந்த இரண்டெழுத்தை எழுதும்போது மட்டும் அவர் முகம் கெட்டுப்போன பாலை மோந்த மாதிரி ஆகும்.

"சொ.கே.யை நம்பினா ஊர்ல இருக்கிற எல்லாக் கத்தியும் ஏதோ ஒரு ராஜா தாடியை எடுத்ததுதான்" என்பார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தமான மனுஷி. காலை பதினோரு மணிக்கு ரேடியோவில் தலைப்புச் செய்தி ஆரம்பித்ததும் பால் இல்லாத காப்பி ஒரு கோப்பை. ரேடியோ சத்தம் முதல் மாடிவரை வரும். அம்மா அதை வைத்துத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். கைபேசி வாங்கித் தருகிறேன் என்று மாமா எத்தனையோ முறை சொல்லியும் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "இடுப்புல மாமியாரைக் கட்டிக்கிட்டுத் திரியற மாதிரி" என்பாள். வீட்டில் கம்பி போட்ட பழைய தொலைபேசி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலி. அதில் உட்கார்ந்து செய்தித்தாளின் குறுக்கெழுத்தைத் தப்புத் தப்பாகப் போடுவாள். கட்டம் பத்தவில்லை என்றால் ஓரத்தில் இரண்டு கட்டம் தானே வரைந்துகொள்வாள்.

செல்லுலாயிட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் பிடி போட்ட கத்திகளை மாமா தனி இழுப்பறையில் வைத்திருப்பார். அந்தப் பிடி உள்ளுக்குள் அழுக ஆரம்பித்தால் ஆவி விடும். பக்கத்தில் கிடக்கும் நல்ல கத்தியும் துருப்பிடித்துவிடும். அவர் இதை விளக்கியபோது அத்தை, "தெரியுமே, உங்க அக்கா குடும்பம் மாதிரி" என்றாள். அக்கா என்றால் என் அம்மா. அம்மாவும் அங்கேதான் இருந்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாமா அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

போன வருடம் நானும் அத்தையும் சேர்ந்து மாமாவுக்கு ஒரு கத்தி செய்தோம். சந்தைக் குப்பையில் கிடந்த ஒன்றை எடுத்து, உப்புத் தண்ணீர் விட்ட பூந்தொட்டியில் ஒரு வாரம் புதைத்து வைத்தோம். நன்றாகத் துருப்பிடித்ததும் தோண்டி எடுத்து, ஆணியால் கழுத்தில் ஒரு ராஜாவின் முதலெழுத்தும் கிரீடமும் கீறினேன். கிரீடம் காலிஃபிளவர் மாதிரி வந்தது. பழந்துணியில் சுற்றி, "ஒரு தாத்தா கொடுத்தார்" என்று நீட்டினேன்.

மாமா லென்ஸைச் செருகினார். நாலு நிமிடம். அத்தை சமையலறையில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"துரு அடியில இருக்கு" என்றார். "எழுத்து மேல இருக்கு. ராஜா முத்திரைன்னா எழுத்து அடியில, துரு மேல இருக்கணும். துருப்பிடிச்ச பிறகு வந்து எழுதியிருக்கார் இந்த ராஜா. அதுவும் ஆணியால."

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. முதலில் எழுதிவிட்டுப் பிறகு புதைத்திருக்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை, தூக்கியும் போடவில்லை. அட்டை எழுதினார். முன்: போன வியாழக்கிழமை. பின்: இந்த வியாழக்கிழமை. ஆதாரம்: பூந்தொட்டியில் பள்ளம். கடைசி இழுப்பறையில் ஓரமாக ஒரு அறை காலியாக இருந்தது. அதில் கத்தியை வைத்து மேலே ஒரு சீட்டு ஒட்டினார்: 'வீட்டுத் தயாரிப்பு'. மற்ற நூற்று நாற்பத்தாறுக்கும் விரித்த அதே பச்சைத் துணியை வெட்டி இதற்கும் விரித்தார். நூற்று நாற்பத்தாறில் இது சேர்த்தி இல்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை இறந்துபோனாள்.

சந்தையிலிருந்து மாமா பத்து இருபதுக்கு வீட்டுக்குப் பேசியிருக்கிறார். நல்ல கத்தி ஒன்று கிடைத்ததாம். "பத்தரை பஸ் பிடிச்சு வரவா, இன்னொருத்தர் ஒரு பெட்டி கொண்டு வர்றாராம், இருந்து பாத்துட்டு வரவா?" என்று கேட்டிருக்கிறார். "மெதுவா வாங்க. சீக்கிரம் வந்து என்னத்தக் கிழிக்கப் போறீங்க" என்றிருக்கிறாள் அத்தை. பெட்டிக்காரர் பதினொன்றேகாலுக்கு வந்தார். மாமா இரண்டாவது கத்தியை வாங்கிக்கொண்டு பதினொன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்தார். வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. அத்தை தொலைபேசி நாற்காலியில் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் செய்தித்தாள்.

வந்த டாக்டர் இதயம் என்றார். "எத்தனை மணிக்கு?" என்று மாமா கேட்டார். "ஒரு மணி நேரமும் ஆகியிருக்கலாம், ரெண்டு மணி நேரமும் ஆகியிருக்கலாம்" என்றார் டாக்டர். "யாராவது பக்கத்துல இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தவர் மாமாவைப் பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

மாமா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனார். லென்ஸ்கள் சரியாகத்தான் வந்தனவாம், முதலாளி சொன்னார். சாப்பாட்டை அம்மா மேலே கொண்டுபோய் வைப்பாள். வைத்ததைச் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஒரு நாள் அம்மா சோதித்துப் பார்த்தாள். பிறகு அவளே அழுதுகொண்டு இரண்டு மாடி ஏறினாள்.

"டேய், நூத்தி நாப்பத்தாறு கத்தி வெச்சிருக்கே. ஒரு தாடியை எடுக்க வக்கில்லையாடா?"

"எடுக்கணும்க்கா" என்றார் மாமா. அவ்வளவுதான்.

அன்று வாங்கிய இரண்டு கத்தியும் சுற்றிய காகிதத்தைப் பிரிக்காமல் மேசைமேல் கிடந்தன. பக்கத்தில் ஒரு புது அட்டை. நான் தட்டை எடுக்கப் போனபோது பார்த்தேன். மேலே எந்தக் கத்தியின் பெயரும் இல்லை.

முன்: 10.20. பின்: 12.40. ஆதாரம் என்ற இடம் காலி.

படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. பத்தரை பஸ்ஸைப் பிடித்திருந்தால் மாமா பதினொன்று இருபத்தைந்துக்கு வீட்டில் இருந்திருப்பார். அதற்கு முன்னாலேயே அத்தை போயிருந்தால், எந்தப் பஸ்ஸில் வந்திருந்தாலும் ஒன்றுதான். பதினொன்று இருபத்தைந்துக்குப் பிறகும் உயிரோடு இருந்திருந்தால், இரண்டாவது கத்திக்காக அவர் அங்கே நின்றபோது இவள் இங்கே தனியாக இருந்திருக்கிறாள். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய கத்திக்கு ஐந்து வருடத்துக்குள் வயது சொல்கிற மனிதருக்கு, தன் பெண்டாட்டிக்கு இரண்டு மணி இருபது நிமிடம் இடைவெளி. அதைக் குறுக்கத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் ஒரே ஒரு துப்பு இருந்தது. அத்தை மடியில் கிடந்த செய்தித்தாள். அதைச் சட்டம் போடாத படம் மாதிரி விறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒரு மாலை கீழே வந்தார். பாதி போட்ட குறுக்கெழுத்து. பக்கத்தில் காப்பிக் கோப்பை வைத்த பழுப்பு வட்டம். அதன் மேலாக நீல மையில் அத்தையின் கையெழுத்து: 'பு. எண் 3174'.

"அக்கா, பு. எண்ணுன்னா புகார் எண். அன்னிக்கு யாரோ ஏதோ ஆபீஸ்ல இருந்து பேசியிருக்காங்க. இவ எழுதி வெச்சிருக்கா. எந்த ஆபீஸ்னு தெரிஞ்சா அவங்ககிட்ட நேரம் பதிஞ்சிருக்கும்."

அம்மா தலையாட்டினாள். நான் வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிராமல் ரொம்ப நேரம் கழுவினேன்.

3174 என்பது என் பள்ளிக்கூடப் பதிவு எண்ணைத் திருப்பிப் போட்டது. அந்த எண்ணால் எனக்கு ஆன ஒரே உபயோகம் அது.

அன்றைக்குப் பொழுது போகாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்குப் போன் போட்டிருந்தேன். தண்ணீர் அலுவலகம் என்றேன். உங்கள் வீட்டு மீட்டர் பின்பக்கமாக ஓடுகிறது, அதனால் இதுவரை குடித்த தண்ணீரை எல்லாம் திருப்பித் தர வேண்டும் என்றேன். புகார் எண்ணும் கொடுத்தேன். அத்தை வரிக்கு வரி எழுதிக்கொள்கிற மாதிரி "ம்… ம்…" என்றாள். நாலு நிமிடம் பேசினோம். என் கைபேசியில் அது இன்னும் இருக்கிறது. ஞாயிறு, 11.32.

மாமா லென்ஸ் வைத்துத் தேடிய முத்திரை நான் ஆணியால் கீறியது. இந்தத் தடவையும்.

சொல்லவில்லை. முதல் வாரம் சொல்லவில்லை, இரண்டாம் வாரமும் சொல்லவில்லை. பிறகு, இத்தனை நாள் சொல்லாததற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எனக்குள்ளும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்க மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன். மூக்கைப் பிடித்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

மாமா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். மின்சாரம், கேஸ், வங்கி. தண்ணீர் அலுவலகத்துக்குப் போன அன்று, "அவன் பஸ்ஸுல இறங்க மறந்து எங்கயாவது போயிடுவான், கூடப் போ" என்று அம்மா என்னை அனுப்பினாள். எங்கே அனுப்புகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூடலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா செய்தித்தாளைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

"மூணு ஒண்ணு ஏழு நாலு. இது உங்க நம்பரா?"

"எங்க நம்பரெல்லாம் ஒம்பது இலக்கம் சார். எதைப் பத்திப் புகார்?"

"தெரியாது."

"யாரு பண்ணின புகார்?"

"தெரியாது."

"நம்பரை யாரு குடுத்தது?"

"அதுவும் தெரியாது."

குமாஸ்தா பாத்திரத்தை மூடினார். "அப்ப என்னதான் சார் வேணும் உங்களுக்கு?"

"நேரம்" என்றார் மாமா.

"நேரமா? அது எங்களுக்கே இல்ல" என்று சிரித்த குமாஸ்தா, எதிரில் யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்து, 'பெரியவருக்குக் கொஞ்சம்…?' என்பதுபோல விரலை நெற்றியருகே கொண்டுபோனார். மாமாவுக்கு நாற்பத்தொன்பது வயது. "தாடிதான் சார் பெரியவர்" என்றேன். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. யாரோ மறந்துவிட்டுப் போன குடையைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

அங்கே போகும்போதே பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "இவங்களும் இல்லன்னா டெலிபோன் ஆபீஸ்தான்" என்றிருந்தார் மாமா. "அங்க ஒருத்தர் சொன்னார். வந்த போன் கணக்கையெல்லாம் சும்மா குடுக்க மாட்டாங்களாம். இறப்புச் சான்றிதழ் வெச்சு மனு எழுதிக் குடுத்தா எடுத்துத் தருவாங்களாம். எந்த நம்பர்ல இருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம். எல்லாம் இருக்குமாம்."

"எப்ப போறீங்க?"

"சனிக்கிழமை."

அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை நான் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 11.32-ஐப் பார்த்தபடி இருந்தேன். அழித்துவிடலாம். ஆனால் டெலிபோன் ஆபீஸில் இருப்பதை அழிக்க முடியாது. பதினொன்று இருபத்தைந்துக்கும் பதினொன்று முப்பத்திரண்டுக்கும் ஏழு நிமிடம். மாமா அப்போது வீட்டில் இருந்திருந்தால் போனை அவரேகூட எடுத்திருப்பார். அந்த ஏழு நிமிடத்தை அவர் காகிதத்தில் பார்த்துவிட்டால் பிறகு அட்டையில் எழுத ஒன்றும் இருக்காது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேலே போனேன். மாமா சட்டை மாட்டி, மனுவை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். செய்தித்தாள் மேசைமேல் விரிந்திருந்தது.

"மாமா, 3174 நான்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்கூல் நம்பரைத் திருப்பிப் போட்டது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் பேசினேன். தண்ணி ஆபீஸ்னு சொல்லி."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட நன்றாக இருக்கும். அவர் உறையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தையின் நாற்காலியில் இல்லை, மேசை நாற்காலியில்.

"எத்தனை மணிக்கு?"

படி ஏறும்போது ஐம்பத்திரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது அது.

"பத்தே முக்கால்."

"பத்தே முக்கால்" என்று அவரும் சொன்னார். பிறகு, "அவ என்ன சொன்னா?" என்றார்.

இதற்கு நான் தயார் செய்துகொண்டு வரவில்லை. அதனால் நடந்ததைச் சொன்னேன். "உங்க மீட்டர் பின்னாடி ஓடுது, குடிச்ச தண்ணியெல்லாம் திருப்பிக் குடுக்கணும்னேன். அத்தை, 'அதெல்லாம் அப்பப்பவே குழாய் வழியா திருப்பி அனுப்பிட்டனே, உங்களுக்கு வந்து சேரலையா'ன்னாங்க."

மாமாவின் தாடி கொஞ்சம் அசைந்தது.

"அப்புறம்?"

"நம்பர் குடுத்தேன். எழுதிக்கிட்டாங்க. 'சரிங்க மேடம், சாயங்காலம் மாடிக்கு வாங்க, மீட்டரைக் காட்டறேன். வரும்போது உங்கம்மாகிட்ட நான் குடுத்த சல்லடையை வாங்கிட்டு வாங்க'ன்னு சொல்லி வெச்சுட்டாங்க."

"கண்டுபிடிச்சுட்டா."

"முதல்லயே கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நினைக்கறேன். சும்மா பேசவிட்டிருக்காங்க."

"குரல் எப்படி இருந்துது? மூச்சு வாங்குச்சா?"

"இல்ல மாமா. சிரிச்சாங்க."

 "குழாய் வழியா திருப்பி அனுப்பினதை இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டார். சொன்னேன்.

பிறகு இழுப்பறையைத் திறந்து அந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் முன்பு பார்த்த மாதிரி அது இல்லை. 'முன்' என்ற இடத்தில் 10.20 மேல் கோடு அடித்திருந்தது. பக்கத்தில் 11.00 என்று எழுதியிருந்தது. ஆதாரம்: கோப்பை வட்டம்.

நான் செய்தித்தாளைப் பார்த்தேன். காப்பியின் பழுப்பு வட்டம் அடியில் இருந்தது, நீல மை மேலே இருந்தது. ஈரத்தில் எழுதியிருந்தால் மை பரவியிருக்கும். துளிகூடப் பரவவில்லை. பதினோரு மணிச் செய்தியோடு வந்த காப்பி. வட்டம் காய்ந்த பிறகு எழுதிய எண். ராஜா துருப்பிடித்த பிறகு வந்து எழுதியிருக்கிறார்.

மறுபடியும் அதே தப்பு. 

மாமா லென்ஸைக் கையில் எடுத்தார். செய்தித்தாளை விளக்குக்கு அடியில் இழுத்தார். லென்ஸைக் கண்வரை கொண்டுபோனார். செருகவில்லை. சட்டை நுனியால் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார், டப்பாவில் போட்டு மூடினார்.

பேனாவை எடுத்து 11.00-ஐ ஒரே கோட்டில் அடித்தார். 10.45 என்று எழுதினார். கோப்பை வட்டத்தையும் அடித்தார். அதற்குக் கீழே நிதானமாக, முகத்தில் ஒன்றும் கெட்டுப்போகாமல், எழுதினார்: சொ.கே.

நான் வாயைத் திறந்தேன். 

"போதும், வாலு" என்றார் அவர்.

செய்தித்தாளில் அந்தத் துண்டை மட்டும், குறுக்கெழுத்தும் வட்டமும் எண்ணும் சேர்ந்தாற்போல, கத்தரித்து எடுத்தார். அட்டையை அதோடு வைத்து இரண்டாக மடித்தார். எழுந்து கடைசி இழுப்பறையைத் திறந்தார். ஓரத்து அறையில் பச்சைத் துணிமேல் காலிஃபிளவர் கிரீடம் வைத்த கத்தி கிடந்தது. அதைச் சற்று நகர்த்தி, பக்கத்தில் துண்டை வைத்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டின் ஒரு முனை எழும்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்து அழுத்திவிட்டு, இழுப்பறையை மூடினார்.

மேசைமேல் அந்த இரண்டு கத்தியும் பிரிக்காமல்தான் கிடந்தன. அவற்றைத் தொடவில்லை.

கீழே இருந்து அம்மா படியில் நின்று கூப்பிட்டாள். மூன்று மாடிக்கும் கேட்கும் குரல். அத்தை இல்லாத பிறகு கட்டிடத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

"டேய், பத்து மணி பஸ் போயிருச்சுடா! மனு குடுக்கப் போகலையா நீ?"

"போகலைக்கா."

"ஏன்?"

"ஆதாரம் கிடைச்சிருச்சு."

"எங்க?"

மாமா என்னைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வீட்டுலயே" என்றார்.

 "சரி, அப்ப இறங்கி வந்து சாப்பிடு. என்னால இன்னொரு தடவை ஏற முடியாது" என்றாள்.

மாமா செருப்பைத் தேடினார். நான் எடுத்து முன்னால் போட்டேன், இடது வலது மாற்றி. அது பழக்கதோஷத்தில் வந்தது. அவர் பார்த்தார். காலால் ஒன்றை இந்தப் பக்கம் தள்ளி, இன்னொன்றை அந்தப் பக்கம் தள்ளி மாட்டிக்கொண்டு, படியில் இறங்க ஆரம்பித்தார்.